வேம்புலி, சொ.

ஜனவரி 7, 2025

பட்டரவாக்கத்தில் இறங்கி தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு நடப்பதற்குள் துப்பட்டா முழுக்கத் தூசி. இன்றும் எனக்கு வந்தவை யாருமே திறக்காத புத்தகங்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் இணையத்தில் இலவசமாக வைக்கும் ஆய்வு நூல்கள். ஆசிரியர் பெயர், பொருள், தேடுசொல் எல்லாவற்றையும் பதிந்து நூலகங்களின் தேடுதளங்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. பதிவு சரியில்லை என்றால் புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ராத்திரி அம்மா கேட்டது: "அந்த புக்கெல்லாம் இன்னா வெல?"

"ஃப்ரீமா."

"சும்மா குடுக்கறத எதுக்குடி தேடிக்கினு கீறீங்க?"

டிகிரி வாங்கியும் அம்மாவுக்கு என் வேலையைப் புரிய வைக்கத் தெரியவில்லை.

ஜனவரி 9

பக்கத்து சீட் வினோத் ரிசீவரை நீட்டினான். "எழிலு, உனக்குத்தான். தமிழ்ல பேசுது. நான் பீட்டரு வுட்டு டயர்டு ஆயிட்டேன்."

பேசியவர் சொர்ணம் மேடம். திருமழிசையில் வீடு. அரசுக் கல்லூரியில் பல வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். திருமழிசைக் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை செய்யும் பெண்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நாங்கள் பதிந்து அனுப்பியது; தேடுசொற்கள் நான் சேர்த்தவை.

"நான் எழுதின புக்கு என் பேர்ல வர்லமா. பிப்ரவரி பதினொண்ணு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. அங்கியே கம்ப்யூட்டர்ல பேரு போட்டுப் பாப்பாங்க. இந்த வயசுக்கு மேல எனக்கு இன்னொரு சான்ஸ் இல்ல."

அவர் பெயரைத் தேடுதளத்தில் போட்டேன். ஒன்றும் இல்லை. புத்தகத் தலைப்பைப் போட்டேன். வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில்: வேம்புலி, சொ.

"வேம்புலி யாரு மேடம்?"

"எங்க நைனா."

ஜனவரி 10

காரணம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். அது இல்லாமல் பதிவு நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதனால் எப்போதோ யாரோ ஒரு வழக்கம் ஏற்படுத்திவிட்டார்கள் – இனிஷியலை விரித்து அங்கே போடுவது. மிச்சமிருக்கும் பெயரைத் தளம் தானாகவே ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். எங்களிடம் உள்ள தமிழ்ப் பெண்களின் புத்தகங்களை எல்லாம் அவர்களுடைய அப்பாக்களும் புருஷன்களும் எழுதியிருக்கிறார்கள்.

என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். செல்வகுமார், எ. லாரி ஓட்டும் அப்பா முழுசாக இருக்கிறார். நான் ஓர் எழுத்து.

ஜனவரி 13, போகி

எஸ்டேட் முழுக்க டயர் புகை. மேனேஜர் வீரராகவன் சார் கேபினுக்குள் போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போக முடிந்தது.

"ரூல் கிளையன்ட் ஓகே பண்ணது, எழில். ஒண்ணுக்கு மாத்தினா எல்லாத்துக்கும் மாத்தணும். யார் உக்காந்து பண்றது?"

நான் பண்றேன் சார். மனசுக்குள் சொன்னேன். வாயில் வந்தது, "சரி சார்." ஏன்தான் இப்படி இருக்கேனோ.

ஜனவரி 22

பதிப்பகத்தோடு வீடியோ கால். முடியும்போது வேறு ஏதாவது உண்டா என்று அங்கிருந்து பேசிய அம்மா கேட்டார். வினோத் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். மைக்கைப் போட்டேன். "எக்ஸ்க்யூஸ் மீ" – அதோடு என் இங்கிலீஷ் நின்றுவிட்டது. சத்தம் கேட்கவில்லை என்று அவர் சொன்னார். சத்தமே இல்லை, எங்கிருந்து கேட்கும்?

கடைசியில் டைப் பண்ணினேன். கோரிக்கையாக அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன். வீரராகவன் சார் ஒரு மாதிரி பார்த்தார்.

"பரவால்ல எழிலு, வாயி இல்லாட்டியும் வெரலு கீது," என்றான் வினோத்.

ஜனவரி 30

பதில் வந்துவிட்டது. 'பதிவு விதிப்படியே உள்ளது. மாற்றம் தேவையில்லை.' கோரிக்கையை மூடிவிட்டார்கள்.

ஜனவரி 31

சொர்ணம் மேடத்திடம் சொல்லிவிட்டேன். பின்னால் பஸ் ஹாரன்.

"நான் எழுதுனதுக்கு நானே ஆதார் கார்டு காட்டணுமா, எழிலு?"

புத்தக அட்டையின் படத்தையும் அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் சேர்த்துப் பதிப்பகத்துக்குத் திரும்ப அனுப்பினேன். சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

பிப்ரவரி 6

மாற்றிவிட்டார்கள். சொர்ணம், வே. மாற்றிவிட்டார்கள்!

பிப்ரவரி 8

சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. பதிப்பகத்தின் தளத்தில்தான் மாறியிருக்கிறது. நூலகத் தேடுதளங்கள் எல்லாம் எப்போதோ எடுத்துக்கொண்ட பிரதியை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். வேம்புலி. வேம்புலி. வேம்புலி. எல்லோருக்கும் மெயில் போட்டேன். சனிக்கிழமை, யார் பார்ப்பார்கள்?

"அனுப்பினது அனுப்பினதுதான். அவங்களா எப்ப புதுசா எடுக்கறாங்களோ அப்பதான் மாறும்," என்றார் சார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 11

சொர்ணம் மேடம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். இன்டர்வியூவில் பெயரைப் போட்டார்களாம், ஒன்றும் வரவில்லை. பதிப்பகத் தளத்தைப் பாருங்கள் என்றதற்கு, எங்களுக்கு நூலகத் தளம்தான் கணக்கு என்றார்களாம். தலைப்பைச் சொன்னார். வந்தது. நடுவில் இருந்தவர் கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பினாராம்.

"வேம்புலின்னு கீதேம்மா, ஒங்க வூட்டுக்காரரான்னு கேட்டான். எங்க அப்பா பேரு சார்னேன். அப்போ அப்பா எழுதுன புக்கான்னான். பக்கத்துல கீறவன் சிரிக்கிறான். அதுக்கு மேல எனக்கு வாயே வர்ல."

போனை வைத்ததும் நூலகத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே வேம்புலி.

பிப்ரவரி 12

லீவ். காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

மார்ச் 5

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. "ஊட்ல இன்னும் சொல்லல," என்றார் மேடம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடித் தேடி, "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். சீ.

ஏப்ரல் 16

மீட்டிங்கில் வீரராகவன் சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். முதல் பதிவிலேயே நான் சேர்த்த தேடுசொற்களால் சொர்ணம் மேடத்தின் புத்தகத்தைப் பலர் தேடி வந்து திறக்கிறார்களாம். பதிப்பகம் பாராட்டி எழுதியிருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். வினோத் தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

எந்தத் தளத்தில் திறக்கிறார்கள் என்று பார்த்தேன். பெயர் மாறாத தளங்களில்தான்.

ஜூன் 18

மேடத்திடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். யாரோ ஒரு மாணவர் தமிழில் எழுதிய ஆய்வேட்டின் பக்கம்.

'பெண் தொழிலாளர்களின் உடல்வலியையும் மனவலியையும், ஓர் ஆணாக இருந்தும், வேம்புலி இந்நூலில் நுட்பமாக உணர்ந்து எழுதியுள்ளார்.'

கீழே மேடத்தின் குரல் பதிவு. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இரண்டு முறை கேட்டும் தெரியவில்லை. "எங்க நைனா கைநாட்டும்மா. இப்போ புக்கு எழுதிக்கினு கீறாரு."

பதில் எழுதினேன், அழித்தேன். படத்தைப் பெரிதாக்கி அடிக்குறிப்பைப் பார்த்தேன். நாங்கள் முதலில் அனுப்பிய பதிவை அந்த மாணவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதிலும் பிழை இல்லை.