ஐந்து கோடும் ஏழு எழுத்தும்

பெப். 3, 2001. சனி.
தூறல். சேட்டு காயவில்லை. ஈரத்தோடேயே புதுக்குடியிருப்பு கொம்பியூட்டர் வகுப்புக்கு.

இடக்காது முழு அடைப்பு. வலது பாதி. என் மனுசி திரேசாவைக் கொண்டுபோன கிபிர் விமானக் குண்டு என் காதையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்காகக் கட்டின மெட்டு என் தலைக்குள் மட்டும். வலதும் போகுமுன் எழுதிவிட வேண்டும்.

பாட்டின் சொற்கள் கனடாவில் தங்கச்சி ரெஜியிடம் ஏற்கெனவே இருக்கு. அவளுடைய கோயிலில் நினைவுப் பூசைக்குப் பாடுவார்களாம். என் கையெழுத்து கோழி கிளறினதாம், மெட்டு கொம்பியூட்டரில் வரட்டாம். பாடிப் பதியலாம்தான். பற்றரி இங்கே வரத் தடை, ரேப் றெக்கோடருக்குச் சைக்கிள் டைனமோதான் கதி. மிதி தளர்ந்தால் சுருதியும் தளரும்.

வகுப்பு நடத்தும் வதனியிடம் இரண்டு வழி. ஒன்று, இசைக்கென்றே வந்த புறோகிராம். வெள்ளைக்காரர் முறையில் ஐந்து கோட்டில் புள்ளி வைத்தால் அதுவே வாசித்தும் காட்டும். மற்றது, சும்மா தமிழ் எழுத்தில் ச ரி க ம.

"கோட்டில போடுவம் மாஸ்டர். எந்த நாட்டிலயும் வாசிப்பினம்."
"எனக்குக் கோடு தெரியாது பிள்ளை. குழைவு கோட்டில நிக்குமே?"

என் பிடிவாதம் வென்றது. ச ரி க ம.

பெப். 8.
வெயில். மெட்டு ஏற்றின டிஸ்கெற், பங்குச் சுவாமியோடு கொழும்புக்கு. அங்கிருந்து கனடா. கடல் கொந்தளிப்பு, மீன் இல்லை. பருப்பு. திரேசாவின் கையில் பருப்புக்கும் ஒரு ருசி இருந்தது.

மே 20. ஞாயிறு.
வெக்கை. ரெஜியின் கசற் வந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம், ஞாயிறுதோறும் பாடுகிறார்களாம். ஓர்கன் வாசிப்பவர் வெள்ளைக்காரராம்.

மகள் ஜெனி சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதித்தாள். வலக்காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக் கேட்டேன். சொல் என்னுடையது. மெட்டு?

"சீரா மிதி பிள்ளை!"
"சீராத்தான் மிதிக்கிறன் அப்பா."

மூன்று தரம் கேட்டும் என் மெட்டில்லை. அப்போ காதுதான். போச்சு. அவள் எனக்குச் சோறு போட்டாள், இறங்கவில்லை. அவளுக்கும் பாட்டுக்கும் வெகுதூரம், அவளிடம் கேட்டும் பயனில்லை.

மே 22.
வதனியிடம் போய்ப் புலம்பினேன். யோசித்துவிட்டு, தமிழ் எழுத்துரு ஏற்றாத கொம்பியூட்டரில் என் மெட்டைத் திறந்தாள். முழுக்க இங்கிலீசு எழுத்து. க இருந்த இடத்தில் எஃப். ப இருந்த இடத்தில் ஜி. நியில் ந, ஈ ஆகிவிட்டது.

"தமிழ் எழுத்து அங்க இல்லைப் போல, மாஸ்டர். எஃப், ஜி, ஈ எண்டா வெள்ளைக்காரருக்கும் சுரம்தானே. வாசிச்சிருப்பினம்."

மிச்சத்தை ஏதோ குறியென்று விட்டிருப்பார்கள். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. திரேசாவின் பேரில் யாரோ ஒருத்திக்கான பாட்டு, ஞாயிறுதோறும். காது பிழையில்லை என்பது மட்டும் ஆறுதல். இனிக் கோடுதான்.

வதனிக்கும் கோடு புதிசுதானாம், பழக நாள் வேண்டுமாம். மண்ணெண்ணெயும் வர வேண்டுமாம்.

யூன் 16. சனி.
சோளகக் காற்று. ஒரே புழுதி. ஜெனறேற்றருக்கு எண்ணெய் வந்ததாக வதனி சொல்லி அனுப்பியிருந்தாள். முந்தநாள் தொடக்கம் கோயில் மணி எனக்குக் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் சுரத்தைக் கையில் எழுதிக் காட்ட, அவள் கோட்டில் புள்ளி வைத்தாள். குழைவெல்லாம் போய், புள்ளி மட்டும். கடைசியில் வாசிக்க விட்டாள். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது.

வதனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயசைவில் விளங்கியது. "சரியோ மாஸ்டர்?"

ஓம் என்றேன்.