உளுவை போன தொட்டி

அன்பு மகன் போஷுனுக்கு உன் அத்தை பாவ்சூ எழுதுவது. கடல்தாய் மாசூ அம்மன் காவலில் நீ அங்கே வான்கூவரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாமே என்று நிறுத்திக்கொண்டேன், இந்தப் பதினோரு நாளாக நான் சொன்ன பொய்யே எனக்குப் போதும், அது என்ன பொய் என்று கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பத்து வரி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா, அதனால்தான் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த கோணல் எழுத்தோடு எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஆனால் முழுக்கப் படி.

வடகிழக்குக் காற்று இந்த வருடம் பேயாட்டம் ஆடிவிட்டுத்தான் போயிற்று. பவளக்கல் வேலியைத் தாண்டி உப்புச் சாரல் அடித்து என் முட்டைக்கோஸ் பாத்தி முழுக்கக் கருகிப்போனது. கோழிகள் சௌக்கியம். எதிர்வீட்டு ஆச்சுன் வாய் சௌக்கியத்துக்கு மேல் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் உன் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வாளியோடு உட்கார்ந்தால் வாசலில் வந்து நின்றுகொள்வாள், "கடல் வாசப்படியில கிடக்கு, இவ காசு குடுத்து உப்பு வாங்கித் தண்ணியில கரைக்கிறா, நாளைக்குக் காத்தையும் டப்பாவுல வாங்குவா போல" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். துறைமுகத் தண்ணீரில் டீசல் இருக்கிறது, கடை உப்புதான் போட வேண்டும் என்று நீ சொன்னாய், நான் ஒரு வாரம்கூடத் தவறாமல் அப்படியே செய்தேன். நீ கண்ணாடியில் ஒட்டிய காகிதம் வெளுத்துப் போனாலும் எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான் உப்பு இல்லை, அதனால் தினமும் குறைவதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உளுவை மீன் துள்ளி வெளியே விழும், மேலே வலை மூடி இருக்க வேண்டும். அது மேலே வந்து சாப்பிடாது, நீளக் குழாயில் பொடி இறாலை எடுத்து அதன் வளை வாசலிலேயே கொண்டுபோய் ஊட்ட வேண்டும். உன் அம்மா விட்டுப் போனபோது உனக்கு மூன்று வயது, நீயும் இப்படித்தான், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நீ ஒளிந்திருக்கும் இடத்துக்கு நான்தான் வர வேண்டும். ஒன்றரை வருடத்தில் வந்துவிடுவேன் அத்தை, அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். மூன்று வருடம் ஆகிறது.

நீ போன பிறகு உன் அப்பாவுக்குக் கண் இன்னும் மோசமாகிவிட்டது, சர்க்கரை தின்றது போக மிச்சம் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. முப்பது வருடம் மூச்சடக்கிக் கடலுக்கு அடியில் கடல் முள்ளெலி பொறுக்கிய மனிதர், இப்போது கழிவறைக்குச் சுவரைத் தடவிப் போகிறார். அவருக்குப் பிடித்த இடம் உன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி. மீனைப் பார்க்கவா, இல்லை, உளுவையோடு ஒரே வளையில் இருக்கும் அந்தச் சொடுக்கு இறாலைக் கேட்க. அது வளைக்குள்ளிருந்து விரல் சொடுக்குவது மாதிரி டக்கென்று அடிக்குமே, அதைக் கேட்டதும் "உள்ளாற ஆளு வேலைக்குக் கிளம்பிட்டான்" என்பார், அதற்குப் பிறகுதான் கஞ்சியில் கை வைப்பார். தொட்டிக்கு எதிரே நீ மாட்டிவிட்டுப் போன கேமரா இருக்கிறதே, நீ அங்கிருந்து பார்க்கும்போதெல்லாம் அதில் நீல விளக்கு எரியும் என்று சொல்லியிருந்தாய். முதல் வருடம் தினமும் காலை எட்டு மணிக்கு, உனக்கு வேலை விட்டு வரும் நேரம், எரியும். "எரியுதா பாவ்சூ?" என்று கேட்டுவிட்டு அவர் கையால் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். கேமரா தொட்டியைப் பார்த்துத்தான் இருக்கிறது, நீங்கள் அதில் தெரியமாட்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன அனுப்புவாய்? பாறையில் பச்சைப் பாசி பிடிக்கிறது, விளக்கு நேரத்தைக் குறையுங்கள் அத்தை என்று அனுப்புவாய். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நகக்கண் அளவு பாசி உனக்குத் தெரிந்தது. அந்தத் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் உன் அப்பாவின் கால்விரல் கறுத்துக்கொண்டு வந்தது தெரியவில்லை. கேமராவைக் குறை சொல்லி என்ன, எந்தப் பக்கம் வைத்தோமோ அந்தப் பக்கத்தைத்தானே அது காட்டும்.

கால் சங்கதி உனக்குத் தெரியும். காவ்ஷியுங் ஆஸ்பத்திரியில் கணுக்கால்வரை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள், உனக்குச் சொன்னேன், எடுத்த வேலையை முடித்துக் கொடுக்கிற சமயம், லீவு கிடைக்காது, ஆகஸ்டில் பார்க்கிறேன் என்றாய். அதை அவரிடம் சொன்னபோது "அவன் என்ன டாக்டரா, வந்து எதை வெட்டப் போறான்" என்று சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், மறுநாள்வரை திரும்பவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், அம்மன் காலில் போய் விழுந்தேன். பிறைக்கட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தரையில் போட்டேன், ஒரு வருடம் மாமிசம் விடட்டுமா தாயே என்றேன், இரண்டும் மல்லாந்து விழுந்தன, அது வேண்டாம் என்று சிரித்தாள். பொன் தகடு சார்த்தட்டுமா என்றேன், அதற்கும் சிரித்தாள். ஒரு உயிரை விடுதலை செய்யட்டுமா என்றேன், ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து, ஆமாம் என்று மூன்று முறையும் அப்படியே விழுந்தது. சந்தையில் மீன் வாங்கிக் கடலில் விட்டால் வலைக்காரன் மறுநாளே பிடித்து மறுபடி விற்பான், அதில் என்ன புண்ணியம். என் கையால் தின்னும் உயிரா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். கோழியா என்றேன், இல்லை. அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அரை மணி நேரம் மண்டியிட்டபடியே இருந்தேன். தொட்டியில் இருக்கிற மஞ்சள் உளுவையா தாயே என்றேன். மூன்று முறையும் ஆமாம்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டால் நீ விடமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை, அதை மறைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை வெட்டிக் கழுத்தைத் தலைகீழாகச் செருகி உள்ளே இறால் துண்டு போட்டு வைத்தேன், நாலு நாள் ஏமாற்றியது உன் மீன், ஐந்தாம் நாள் நான் குழாயில் ஊட்டுவதை நிறுத்திய பிறகுதான் பசியில் உள்ளே வந்தது. உன் அப்பா முள்ளெலி எடுத்த அதே பாறைப் பக்கம், கடல் வற்றிய நேரத்தில் கொண்டுபோய் விட்டேன். போகவில்லையடா. என் விரலை ஒட்டியே கொஞ்ச நேரம் நின்றது, குழாய் வரும் என்று நினைத்ததோ என்னவோ. பிறகு ஒரு பொந்துக்குள் போய்விட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், அடுத்த வாரம் உன் அப்பாவுக்கு இரண்டு விரலோடு போயிற்று, கால் தப்பியது. டாக்டர் மருந்தால் என்று சொல்கிறார், சொல்லட்டும்.

ஆனால் ஊர் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு டக் சத்தம் கேட்கவில்லை. முதல் நாள் "இன்னைக்கு ஆளு லீவா?" என்றார். இரண்டாம் நாள் காதைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் "செத்துட்டானா பாவ்சூ, மறைக்காம சொல்லு" என்றார். வளை வாசலை மணல் போட்டு அடைத்துக்கொண்டு இறால் உள்ளேயே கிடந்தது. அப்போதுதான் நீ போகும் முன்னால் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது, இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது அத்தை, வீடு தோண்டுவது அது, வாசலில் நின்று பார்ப்பது உளுவை, இறால் தன் மீசையில் ஒன்றை எப்போதும் உளுவை மேல் வைத்துக்கொண்டேதான் வெளியே வரும், உளுவை வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே ஓடிவிடும் என்று. நான் கதை கேட்பது மாதிரி கேட்டுவிட்டு மறந்துவிட்டேன். உளுவையை விடட்டுமா என்று அம்மனைக் கேட்டேனே தவிர, இறால் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் அவள் பதில் சொல்வாள். தப்பு என்னுடையது. உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணு தெரிஞ்சவன அனுப்பி வச்சுட்டு, கண்ணு தெரியாதவன வீட்டுல வச்சிருக்கியே" என்று சிரித்துவிட்டு, "விடு, நம்ம வீட்டு வழக்கம்தானே" என்றார்.

மறுநாள் காலையில் உன் போன் வந்தது. ஏழு மாதத்தில் நீயாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று ஓடிப்போய் சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்து அவர் மடியில் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நீ கேமராவில் பார்த்திருப்பாய் போல, எடுத்த எடுப்பில் "அத்த, உளுவை எங்க?" என்றாய். நான் சொன்னேன். "கட்டையப் போட்டுப் பாத்து மீனைக் கொண்டுபோயி கடல்ல விட்டீங்களா, அஞ்சு வருஷம் வளத்தது அத்த, உங்கள நம்பி விட்டேன் பாருங்க, இனிமே அதுல பாக்க என்ன இருக்கு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். என்னைத் திட்டியது பெரிதில்லை, வளர்த்தவளைத் திட்டாமல் யாரைத் திட்டுவாய். போன் அவர் மடியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு "குரல் தடிச்சிருக்கு, சளி புடிச்சிருக்கும்போல, அங்க குளிரு" என்றார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறி மாகோங்கில் வளர்ப்பு மீன்கடை லியாவிடம் போய் அழுதேன். அவன் என்னைத் திட்டவில்லை, ஒரு பையில் வேறொரு உளுவையைப் போட்டுக் கொடுத்தான், "அழகு கிடையாது அக்கா, ஆனா வேல தெரிஞ்சது" என்றான். மூன்று நாள் அது வளைக்கு வெளியே சும்மா கிடந்தது. நாலாம் நாள் காலையில் வாசல் மணல் அசைந்தது, மீசை வெளியே வந்தது, டக் என்றது. உன் அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "சேத்துக்கிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "இறாலுக்குப் பரவால்ல, மூணு நாளுல வேற ஆள் கிடைச்சிட்டான்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, நாற்காலி போட்டு ஏறிக் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டேன். இப்போது அது தொட்டியைப் பார்க்கவில்லை, உன் அப்பாவைப் பார்க்கிறது. புது உளுவை என்ன நிறம், எத்தனை கோடு என்று நான் எழுதப்போவதில்லை, வேண்டுமானால் வந்து பார். திருப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன், "என்னத்துக்குத் தேவையில்லாத வேல" என்று கடிந்துகொண்டார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்துவைக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு முன்னால் தலை சீவி, கட்டுப்போட்ட காலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். "எரியுதா?" என்கிறார். நான் பார்க்கிறேன், இருட்டாகத்தான் இருக்கிறது. எரியுது அண்ணே என்கிறேன். கையைத் தூக்கி "சாப்டியாடா? கால் நல்லாருக்கு, நீ வேலயப் பாரு" என்று அதனிடம் பேசுகிறார். பதினோரு நாள். நேற்று உனக்குச் சளிக்கு இஞ்சியும் கருப்பட்டியும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அம்மனுக்கு விளக்கு வைக்கிற கை இது, அந்தக் கையை வைத்துக்கொண்டு தினமும் காலையில் முதல் வார்த்தையே பொய் பேசுகிறேன்.

கணவாய்க் கருவாடும் வேர்க்கடலை மிட்டாயும் தனியாக அனுப்பியிருக்கிறேன், மழையில் நனையாமல் வை. கழுத்தில் கட்டச் சொன்ன, அம்மன் கோயில் ஊதுவத்திச் சாம்பல் போட்ட பையைத் தூர எறிந்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன், எறிந்திருந்தாலும் அவள் உன்னை எறியமாட்டாள். நீ எங்கே இருந்தாலும் உன் கண்ணும் காலும் நன்றாக இருக்கட்டும், உன் வாசலில் நின்று பார்க்க ஒரு ஆள் கிடைக்கட்டும். ஆகஸ்டில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான், மறந்துவிடாதே. இங்கே காலை எட்டு மணி, உனக்கு வேலை விட்டு வரும் நேரம். ஒரே ஒரு நாள் அந்தக் கேமராவைத் திறந்து பார். எரியுது என்று நான் சொல்வது ஒரு நாளாவது உண்மையாக இருக்கட்டும்.

உன்னை இடுப்பில் சுமந்த அத்தை,
பாவ்சூ