வாய் சொல்கிற 'சரிங்க'

கல்லூரி விடுதி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

சுலக்ஷனா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே ஹட்டன் பக்கம் விடாத மழை. இறம்பொடையிலும் அப்படித்தான் இருக்கும். துணி துவைக்க என்று அம்மாவைப் பீலித் தண்ணீர்ப் பக்கம் போக விடாதீர்கள்.

நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. என் அறையில் இருக்கிற யூஜினா நம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவள் வீட்டுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று நீங்கள், "திருவிழா நோட்டீசுல ஒம் பேரைப் போட்டாச்சும்மா. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் மைக் பிடிக்கிறது நீதான். வந்துருவ, சரியாம்மா?" என்று கேட்டீர்கள். நான் "சரிங்கப்பா" என்றேன். அப்பா, நான் வரவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை எனக்கு உளவியல் பரீட்சை. அதுதான் ஏற்கெனவே எழுதியாச்சே என்பீர்கள். எழுதினேன். பெயில். உங்களிடம் மறைத்துவிட்டேன். இந்த முறையும் விட்டால், என்னோடு படிக்கிறவர்கள் எல்லாரும் ஆசிரியர் நியமனம் வாங்கிப் பள்ளிக்கூடம் போவார்கள், நான் மட்டும் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

காதல் கீதல் என்று அம்மா நினைப்பார்கள். அந்தக் கண்றாவியெல்லாம் இல்லை. என் வாய்தான் காரணம்.

காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா வேலையைப் பிரித்துச் சொல்லும்போது நீங்கள் எல்லாரும் என்ன சொல்வீர்கள்? "சரிங்க." அதற்குச் செய்கிறேன் என்றா அர்த்தம்? காதில் விழுந்தது என்றுதானே அர்த்தம். முடியுமா முடியாதா என்பதெல்லாம் மலை ஏறும்போதுதான் பேசிக்கொள்வீர்கள். அந்தச் 'சரிங்க'வை நான் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டேன். தமிழ் மன்றத்து நிரோஷன் அண்ணன் நாடகத்தில் நடிக்கிறாயா என்று கேட்டார். "சரிங்க" என்றேன். கேட்டுச்சு என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன். மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர்! அழிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்புறம் விடுதிச் சாப்பாட்டுக் குழு, கலைவிழா மேடை அலங்காரம், லீவு போட்டவர்களுக்கெல்லாம் நோட்ஸ். சுலக்ஷனாகிட்ட சொன்னா முடியும் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை அன்று காலை வரைக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து மேடைக்கு ரெஜிபோம் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வினாத்தாளை வாங்கியதும் எழுத்தெல்லாம் மங்கியது. கொஞ்சம் தலையைச் சாய்ப்போம் என்று மேசையில் சாய்ந்தேன். மேற்பார்வைக்கு வந்த சேர் தட்டி எழுப்பும்போது பாதி நேரம் போயிருந்தது.

போன கிழமை ஒன்று நடந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் சிங்களவர். பெற்றோர் கூட்டத்தில் மொழிபெயர்க்க வா என்று சிங்களத்தில் கேட்டார். என் வாயிலிருந்து "பே மிஸ்" என்று வந்துவிட்டது. முடியாது மிஸ் என்று நானா சொன்னேன்! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் "ஆ, ஹரி", அதாவது சரி, என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளையைக் கூப்பிட்டார். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. யூஜினா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதையே தமிழ்ல சொல்லு பாப்போம்" என்றாள்.

அடுத்த நாள் நிரோஷன் அண்ணனிடம் போய், "இனி முடியாதுங்கண்ணே, எனக்குப் பரீட்சை இருக்கு" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆனால் நீங்கள் நிரோஷன் அண்ணன் இல்லையே அப்பா. நோட்டீஸ் எல்லா லயத்து வீடுகளுக்கும் போயிருக்கும். கோவில் கமிட்டியில் செல்லசாமி மாமா, "என்னா தலைவரே, மகளுக்குப் படிப்பு தலைக்கேறிருச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அப்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நல்லமுத்து மாமா மகள் வினோதா நன்றாகப் பேசுவாள். அவளைக் கேளுங்கள். கேட்டு, அவள் பதில் சொன்ன பிறகு பெயரைப் போடுங்கள். என்னை நீங்கள் கேட்கவே இல்லை. அச்சடித்த பிறகு சொன்னீர்கள். ஆமாம், கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன்.

சாமி நம் லயத்து வாசலுக்கு வரும்போது என் பெயருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதைப் படித்ததும் போன் எடுப்பீர்கள். எடுங்கள். நன்றாகத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு நாளைக்காவது வந்துட்டுப் போயிரும்மா, சரியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அப்படிக் கேட்டால் என் வாய் "சரிங்கப்பா" என்றுதான் சொல்லும். சொன்னால், கேட்டுச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் அப்பா.

என்றும் உங்கள் மகள்,
சுலக்ஷனா