டைனோசர் செட்: படம், சத்தம், ஜெனி

ஜூன் 7, சனி

காலையிலிருந்தே அனல். முதல் ஷிப்ட். கம்பெனி லேபில் ஏசி ஓடவில்லை. வீட்டுக்கு வந்தால் டைனோசர் செட் கூரியரில் வந்து கிடக்கிறது. ஆறு படம், ஆறு டிஸ்க். பெட்டியின் ஒரு மூலை நசுங்கல், உள்ளே கீறல் இல்லை. தப்பித்தது.

இனி செய்ய வேண்டியது: ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு, படம் எப்படி, சத்தம் எப்படி என்று இங்கே எழுதிவைப்பது. தேறினால் இதே படங்களின் பழைய டிவிடிகளைச் சிதம்பரத்தில் இருக்கும் மச்சான் சேவியர் தலையில் கட்டிவிடலாம்.

சாப்பிடும்போது ஸ்டெல்லா மறுபடி ஆரம்பித்தாள். ஜெனிக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது, ‘மா’ தவிர வாயில் ஒரு வார்த்தை இல்லை, காதை டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று.

"சேவியர் விசாரிச்சிருக்கான். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரில கொழந்தைங்களுக்குப் பாக்குறாங்களாம். ஒரு நாள் லீவு போடுங்க."

"அவ காதுக்கு என்னா கொற? டைனோசர் கத்துனா எந்த ரூம்ல இருந்தாலும் ஓடியாறா இல்ல?"

"நான் கூப்புட்டா வர மாட்றா."

"நீ கூப்புட்டா நானே வர மாட்டேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை. வரும் வழியில் சங்கரா மீன். சாப்பிட்டுவிட்டு டிஸ்க் ஒன்று.

படம்: பிரமாதம். பழைய பிலிமுக்கே உரிய பொடிப் புள்ளி அப்படியே இருக்கிறது, யாரும் துடைத்துக் கெடுக்கவில்லை. காட்டில் இலை இலையாகத் தெரிகிறது. ஆட்கள் முகத்தில் வியர்வைகூட.

சத்தம்: ஆங்கிலத்தில் நாலு பக்கமும் சுற்றி வருகிறது. முதல் காலடிக்கே ஜன்னல் கண்ணாடி உதறல். தரையில் கிடக்கும் வூஃபர் பெட்டிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. தமிழ்: தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிறார்கள். பெரிய விஞ்ஞானி டைனோசரைப் பார்த்து "இன்னா சைஸுடா சாமி" என்கிறார். கர்மம். ஆங்கிலமே போதும், கத்தல் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அந்தக் காலடி ஆரம்பித்ததும் ஜெனி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வூஃபரைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் கன்னத்தை வைத்து உட்கார்ந்துவிட்டாள். டைனோசர் கத்தக் கத்தச் சிரிப்பு.

மாமியார் வந்திருந்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பயம்னா என்னான்னே தெரியாது இவளுக்கு. ஞானஸ்நானத்துல ஃபாதர் காதத் தொட்டு ஜெபம் பண்ணப்ப மத்த கொழந்தைங்க எல்லாம் வீல்னு கத்துச்சி. இவ கொட்டாவி வுட்டா. போன வருஷம் தேர்பவனியில வாணம் வுட்டாங்களே, முழிச்சாளா?"

"அதத்தான்மா நானும் சொல்றேன்" என்றாள் ஸ்டெல்லா. "வெடிக்கு முழிக்கலன்னா என்னா அர்த்தம்?"

"பழகிடுச்சின்னு அர்த்தம்" என்றேன். "நம்ம வூட்லதான் தெனம் டைனோசர் கத்துதே."

ஜெனி வூஃபரைக் கட்டிக்கொண்டிருப்பதை வீடியோ எடுத்து சேவியருக்கு அனுப்பினேன். பதில்: ‘மாமா, உங்க பொண்ணு டைனோசர மேய்க்கப் போவா.’ ஸ்டெல்லாவிடம் காட்டினேன். பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். பாதிப் படத்தில் கரண்ட் போய் வந்தது.

டிஸ்க் இரண்டு. படம்: பாதிக்கு மேல் ராத்திரி, மழை. கறுப்பெல்லாம் ஒரே கறுப்பு, அதற்குள் டைனோசர் இருக்கிறதா மாடு இருக்கிறதா என்று தெரியவில்லை. டிவியில் வெளிச்சத்தை ஏற்றினால் சாம்பல் பூத்துவிடுகிறது. சத்தம்: முதல் டிஸ்க்கைவிடக் கனம் ஜாஸ்தி. சோபாவோடு தூக்குகிறது.

என்னை மட்டும் தூக்கவில்லை. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் மேலே வந்துவிட்டார். "தம்பி, பரண் மேல இருக்குற அண்டா எல்லாம் ஆடுதுப்பா. பொண்ணு பிரசவத்துக்கு வந்துருக்கா. அது போற வரைக்கும் அந்தப் பொட்டிய நிறுத்தி வைய்யி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நியாயம்தான். வூஃபர் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். வயிறு எரிகிறது.

ஜூன் 12, வியாழன்

வார ஓய்வு. ஸ்டெல்லா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். டிஸ்க் மூன்று, வூஃபர் இல்லாமல்.

படம்: மோசம். பிலிம் பொடியைத் துடைக்கிறேன் என்று முகத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். எல்லாரும் மெழுகு பொம்மை. சத்தம்: சப்பை. பெரிய கத்தல் வருகிறது, ஜெனி எனக்கு முதுகு காட்டி பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், குழந்தைகூடத் திரும்பவில்லை.

இதை எழுதியதும் கை நின்றுவிட்டது.

லேபில் ஒரு சாம்பிள் ஃபெயில் என்று எழுதுவதற்கு முன் நல்ல சாம்பிள் ஒன்றையும் கூடவே ஓட்டிப் பார்ப்போம். தப்பு சரக்கிலா, மெஷினிலா என்று தெரியவேண்டும். அதே மாதிரி டிஸ்க் ஒன்றைப் போட்டேன். அவள் ஓடிவரும் அதே காலடி. திரும்பவில்லை. சத்தத்தை ஏற்றினேன். கத்தல் வந்தது. எனக்கே காதைக் குடைந்தது. திரும்பவில்லை. "ஜெனி" என்றேன். "ஜெனிம்மா." டம்ளர் மேல் டம்ளர்.

பிறகு மற்ற ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, டிவி சத்தத்தையும் அணைத்து, வூஃபரை மட்டும் போட்டேன். ஒரு வசனம் இல்லை, கத்தல் இல்லை. தரை மட்டும் அதிர்ந்தது. ஜெனி டம்ளரைப் போட்டுவிட்டு வந்தாள். கன்னத்தை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்குச் சத்தம் கேட்டதே இல்லை. அதிர்வு உடம்பில் ஏறியிருக்கிறது, அதற்குத்தான் ஓடிவந்திருக்கிறாள். அதைத்தான் நான் ஊர் முழுக்கக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம்.

ஸ்டெல்லா வந்ததும் சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நின்றபடி கேட்டாள்.

"நான் கதவ ஓங்கிச் சாத்திப் பாத்துருக்கேன். அவ முதுகுக்குப் பின்னால தட்டத் தட்டிப் பாத்துருக்கேன். நீங்க வேலைக்குப் போனப்பறம். ஒங்ககிட்ட வந்து சொன்னா டைனோசர் கதை சொல்லுவீங்க."

பையை வாங்கிக் கீழே வைத்தேன். "நாளைக்கு போவோம்" என்றேன்.

"போறோம்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

சிதம்பரம். வெள்ளிக்கிழமை போனதற்குக் காதில் அடைப்பு, சீழ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு டெஸ்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்லி உத்தரவு. பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஜெனிக்குக் கண் சொருகிவிட்டது, ஸ்டெல்லா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் சேவியர்.

மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர். காதுக்குள் விடுகிற சத்தத்துக்கு மூளை பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டரில் கோடு வரும். கோட்டில் மேடு வரவேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டையாகவே ஓடியது. சத்தத்தை மிகவும் ஏற்றிய பிறகு சின்னதாக ஒரு மேடு.

டெஸ்ட் எடுத்த மேடம் நிதானமாகச் சொன்னார். இரண்டு காதிலும் கடுமையான குறை. பேச்சு கேட்க வாய்ப்பே இல்லை. அதனால்தான் பேசவில்லை. காதில் மெஷின் போட்டு, பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். போதவில்லை என்றால் ஆபரேஷன்.

"இவ்ளோ நாள் வீட்ல யாரும் கவனிக்கலையா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "கவனிச்சோம் மேடம். கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஷினுக்குக் காது அளவு எடுத்துக்கொண்டார்கள். சேவியர் இட்லி கொத்சு வாங்கிக்கொடுத்தான். என்னைத் தேற்றுவதற்காக, "நாலாவது டிஸ்க் எப்டி மாமா இருக்கு?" என்றான்.

"தெரியல மச்சான்."

ஜூன் 22, ஞாயிறு

பூசையில் மாமியார் முழங்காலிலேயே இருந்தார். நேர்ச்சை வைத்திருக்கிறாராம். யாரிடமும் பேத்தியின் தைரியம் பற்றிப் பேசுவதில்லை இப்போது.

டிஸ்க் நான்கு. ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

படம்: பளிச். புதுப் படம் என்பதால் கம்ப்யூட்டர் பச்சை கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது. தோல், செதில் எல்லாம் துல்லியம்.

சத்தம்: போடவில்லை. முழுப் படமும் அப்படியே பார்த்தேன். டைனோசர் வாயைத் திறந்து மூடுகிறது, தூக்கம் வந்த நாய் மாதிரி. மனிதர்கள் எதற்கோ ஓடுகிறார்கள், எதற்கோ அழுகிறார்கள். ஜெனி என் முகத்தைத்தான் அடிக்கடி பார்த்தாள். நான் சிரித்தால் சிரித்தாள். இப்படித்தான் எங்கள் எல்லாரையும் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாவி, என் கண்ணில் அது படவே இல்லையே.

பாதியில் ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் முடியும்வரை இருந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

சிதம்பரம் போய் வந்தோம். மெஷின் இரண்டு காதிலும். சின்னது, ரோஸ் கலர், ஸ்டெல்லா தேர்ந்தெடுத்தது. அங்கேயே ஒரு தடவை ஜெனி பிடுங்கி எறிந்தாள். பஸ்ஸில் ஒரு தடவை. உடனே எதையும் எதிர்பார்க்காதீர்கள், சத்தம் என்றால் என்ன என்றே அவள் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடம் சொல்லி அனுப்பினார். "டிவி முன்னாடி உக்கார வெக்காதீங்க. நீங்க பேசுங்க."

மேடம் சொன்னபடி பேசினேன். இரவுச் சாப்பாடுவரை பேசினேன். ரசம், சோறு, காக்கா, அப்பா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டெல்லா சளைக்காமல் பேசினாள்.

டிஸ்க் ஐந்து, ஆறு பிரிக்கவில்லை.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். ஷிப்ட் இல்லை. ஸ்டெல்லா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள், அடுப்பில் பருப்பு, மூன்று விசிலில் அணைக்கச் சொன்னாள். நான் கூடத்தில் ஜெனிக்கு மெஷினை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். முதல் விசில்.

ஜெனி அப்படியே உறைந்தாள். கண் விரிந்தது. உதடு பிதுங்கியது. வீல் என்று ஒரு அலறல், ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு கைலிக்குள் முகத்தைப் புதைத்தாள். உடம்பெல்லாம் நடுக்கம். இந்த வீட்டில் அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா ஈரத்துணியோடு மாடிப்படியில் ஓடிவந்தாள். "என்னா ஆச்சி, வுழுந்துட்டாளா?"

"குக்கருக்குப் பயந்துட்டாடி."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் அழுதேன். அடுத்த விசில் வந்தது, ஜெனி இன்னும் இறுக்கிக்கொண்டாள், மூன்றாவது வந்தது, நாலாவது வந்தது. ஒருவரும் எழுந்து போய் அணைக்கவில்லை. பருப்பு அடிபிடித்துவிட்டது.