கதவு கழற்றப்படாத குளிர்சாதனப் பெட்டி

அனுப்புநர்
மனுதாரர்,
எண் 14, கீழ்வீடு, சரிவுத் தெருவில் முன்பு குடியிருந்தவர்
(தற்போது எண் 3, மாடி வீடு, தொட்டித் தெரு).

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டுப் பழைய சாமான் அகற்றுதல் – குளிர்சாதனப் பெட்டியைக் கதவோடு தெருவில் வைத்தவர் மீது புகார் – வேலைநீக்கம் செய்யப்பட்ட வண்டிப் பணியாளரைத் திரும்ப எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் 19ஆம் தேதியிட்ட தங்கள் அலுவலக விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் பன்னிரண்டாவது மனு. தெருவிளக்கு எரியாதது, சாக்கடை மூடி உடைந்தது, குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தது என்று முந்தைய பதினொன்றும் தங்கள் கோப்புகளில் இருக்கும். பழைய தெருவில் எனக்கு ‘மனு மாமா’ என்றே பெயர். கேலிதான் என்றாலும் உள்ளூர எனக்கு அதில் பெருமை உண்டு. யார் கடமை தவறினார் என்பதைப் பதினொன்றிலும் நாள், நேரத்தோடு எழுதியிருந்தேன். இதிலும் அப்படியே எழுதுகிறேன்.

2. சென்ற மாதம் 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாங்கள் வீடு மாறினோம். புது வீடு மாடியில், படிக்கட்டு குறுகல். பழைய மெத்தை, கால் ஆடும் மேசை, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் கழித்துவிட முடிவு செய்து, பெரிய சாமான்களை எடுத்துச் செல்லும் தங்கள் வண்டிக்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்தேன். பெட்டிக்கு வயது இருபத்திரண்டு. வெளியே உள்ள பிடியை இழுத்தால்தான் திறக்கும், உள்ளிருந்து தள்ளினால் திறக்காது. மோட்டார் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்ததே தவிர, கதவு ஒருநாளும் சோடை போனதில்லை. பதிவுப் படிவத்தின் நான்காம் விதி, குளிர்சாதனப் பெட்டியைக் கதவைக் கழற்றிய பிறகே வெளியில் வைக்க வேண்டும் என்கிறது. அதன் கீழே இருப்பது என் கையெழுத்து. படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

3. அன்று காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. மெத்தையையும் மேசையையும் ஏற்றிய பணியாளர், பெட்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சார், கதவோட இத எடுக்கக் கூடாது. கழட்டி வச்சிருங்க, நாளைக்கு மத்தியானம் மறுபடி வரேன். பிள்ளைங்க ஓடியாடுற தெரு சார், மறந்துடாதீங்க.” ஆகட்டும் என்றேன். ‘கதவு கழற்றவில்லை, எடுக்கப்படவில்லை’ என்று மஞ்சள் சீட்டில் தேதியும் நேரமும் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆகவே இதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

4. அவர் போனதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரார் மேலெல்லாம் மனு எழுதுகிறவன் வாசலில் நகராட்சிச் சீட்டு. வழியே போன யாரோ இரண்டு பேர் நின்று படித்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் வருவதற்குள் அதை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கதவில் இருந்தவை நான்கு திருகாணிகள். பத்து நிமிட வேலை. ஸ்க்ரூடிரைவர் முதல் லாரியிலேயே புது வீட்டுக்குப் போயிருந்தது. எதிர்வீட்டில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. மாலையில் எடுத்து வரலாம் என்று கிளம்பினேன். மாலையில் அதே ஸ்க்ரூடிரைவரால் எங்கள் கட்டிலைப் பூட்டினேன். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. மறுநாள் காலை புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

5. அந்த மறுநாள் காலை, பதினொன்றே கால் மணி அளவில், பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பெண்குழந்தை அந்தப் பெட்டிக்குள் ஏறினாள். தெருவில் எல்லாரும் அவளை வாண்டு என்போம். உள்தட்டுகளை நாங்கள் எடுத்துப் போயிருந்ததால் ஒரு குழந்தை நிற்க இடம் இருந்தது. தெரு சரிவானது, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவளுடைய தாய் வீடு வீடாகத் தேடியிருக்கிறார். பெட்டியின் அருகே ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்த்துத் தபால்காரர்தான் பிடியை இழுத்தார். இருபது நிமிடம் ஆகியிருந்தது. நினைவில்லாமல் இருந்த குழந்தை இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தாள். பிழைத்தாள்.

6. அந்த வாரமே தங்கள் அலுவலக எழுத்தர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். பணியாளர் கதவைப் பற்றி ஏதாவது சொன்னாரா, சீட்டு ஒட்டினாரா என்று கேட்டார். “யாரும் எதுவும் சொல்லலை, சீட்டும் ஒட்டலை” என்றேன். பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. அதற்கு எழுத்தர், “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். உங்க மனுவெல்லாம் படிச்சிருக்கோமே” என்றார். பதினொரு மனுக்களில் நான் சேர்த்து வைத்த நம்பிக்கையை அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மனிதர் மேல் தூக்கிப் போட்டேன்.

7. காரணமின்றிப் பெட்டியை விட்டுச் சென்றார், விசாரணையில் பொய் சொன்னார் என்று அந்தப் பணியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள். பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவர் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து, “அந்தச் சீட்டு உங்ககிட்ட இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் வீட்டுப் பக்கம் போகாத ஏதோ ஒரு பேருந்தில் ஏறிவிட்டேன்.

8. சீட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. துணி துவைக்கும்போது என் மனைவி எடுத்து வைத்திருந்தாள். “பிள்ளை பிழைச்சுட்டா. நடந்தது நடந்துபோச்சு. நீங்க எதுக்குப் போய் வலிய தலையக் குடுக்கணும்?” என்பது அவள் வாதம். பேருந்து நிறுத்தத்தில் அவர் கேட்டதைச் சொன்னபோது அவள் வாதாடவில்லை. உள்ளே போய்ச் சீட்டை எடுத்து வந்து என் எழுதும் அட்டையின் மேல் வைத்தாள்.

9. விசாரணை அறிக்கையில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. குழந்தை ஏன் அந்தப் பெட்டிக்குள் ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை. விளையாட்டுத்தனமாக என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல.

வாண்டு தினமும் எங்கள் வீட்டுக்கு வருவாள். வீடு மாறுவதற்கு முதல் நாள், ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு சிவப்புச் சட்டைப் பொத்தானைப் போட்டு, ஐஸாக்கித் தரச் சொல்லிப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவசரத்தில் அதைத் தொட்டியில் கொட்டி, டம்ளரை மூட்டை கட்டிவிட்டேன். சாமான் ஏற்றும்போது வந்து காலைச் சுற்றிக்கொண்டு, என் ஐஸ் எங்கே மாமா என்று கேட்டாள். “அதுக்குள்ளதான் இருக்கு, போ” என்று விரட்டினேன்.

அவள் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு பார்க்கப் போனேன். அந்த வீட்டில் இப்போது எந்த அறைக்கும் கதவு இல்லை. குழந்தை அலறுகிறாள் என்று அவள் தகப்பனார் எல்லாவற்றையும் கழற்றி மாடியில் சாய்த்து வைத்திருக்கிறார். அவளுடைய தாய் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “உள்ள இருந்து உங்களத்தான் கூப்பிட்டாளாம்ண்ணா. அம்மான்னு கூப்பிடலையாம். மாமா வீட்டு ஃபிரிட்ஜ்தானே, மாமா வந்து தொறப்பாங்கன்னு தட்டிக்கிட்டே இருந்தேங்குறா.” ஐஸ் விஷயம் அந்தத் தாய்க்குத் தெரியாது.

அதிலிருந்து தினமும் பதினொன்றே கால் மணிக்கு எங்கள் புதுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அதில் பாலும் காய்கறியும் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூட முடியவில்லை. தட்டும் சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்று மனைவி சொல்கிறாள். மோட்டார் ஓடாத நேரத்திலும் எனக்குக் கேட்கிறது.

10. நேற்று தங்கள் சாமான் கிடங்குக்குப் போய் வந்தேன். பழைய பெட்டி கடைசி வரிசையில் சுவரோரம் நிற்கிறது. திறந்து பார்த்தேன். உள்பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில், நகக் கீறல்கள் இருக்கின்றன. ஐயா, அதில் இன்னும் கதவு இருக்கிறது. அந்தக் கிடங்கின் கம்பிவேலியில் ஓர் ஆள் நுழையுமளவு ஓட்டை இருப்பதையும், அதன் பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடுவதையும் கண்ணால் பார்த்தேன்.

எனவே, அந்தப் பணியாளரை உடனே வேலைக்குத் திரும்ப எடுத்து, அவர் சொன்னது அனைத்தும் உண்மை என்று அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். விதியை மீறியவனும் விசாரணையில் பொய் சொன்னவனுமாகிய என் மீது சட்டப்படி எந்த நடவடிக்கை உண்டோ அதை எடுக்க வேண்டுகிறேன். இவற்றுக்கெல்லாம் நாள் ஆகும் என்று பதினொரு மனு எழுதியவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் நாளைக்கே வேண்டும். அந்தக் கதவைக் கழற்ற எனக்கு அனுமதி கொடுங்கள். ஆள் அனுப்ப வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.

வழக்கமாகக் கேட்கும் ஒப்புகைச் சீட்டு இந்த முறை வேண்டாம். பதிலைப் பணியாளரின் வீட்டுக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தவறு செய்தவன்,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: தொட்டித் தெரு
நாள்: 11ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 11.15

இணைப்பு:
பணியாளர் ஒட்டிய மஞ்சள் சீட்டு, அசல் (துவைத்ததில் ஒரு மூலை கரைந்திருக்கிறது, தேதியும் நேரமும் தெளிவாக உள்ளன).
நான் கையெழுத்திட்ட பதிவுப் படிவத்தின் நகல்.

நகல்:
குழந்தையின் பெற்றோர், எண் 15, சரிவுத் தெரு – ஒன்பதாம் பத்தி உட்பட முழுவதும். தபாலில் அல்ல, நேரில், என் கையால்.