காகம் தூக்கிய கோதுகள்

என் அன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாக என் பொறாமைக்கும் உரிய மச்சான் குலம் அவர்களுக்கு,

போன ஞாயிறு லண்டன் மோர்டனில், உமது வீட்டில், உமது ஆண்டுத் திவசம் நடந்தது. ஐயருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீடுகள் இருந்தபடியால் உமது ஆன்மா விரைவாகவே சாந்தியடைந்தது. பவானி உமக்குப் பிடித்த கறிகளையெல்லாம் வைத்தாள். எனக்குப் பிடித்தது ஒன்றும் இருக்கவில்லை. அவள் முதலில் எனக்குத் தங்கச்சி, பிறகுதான் உமக்கு மனைவி என்பதை நினைவூட்ட அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். ஆகவே உமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளும்.

எண்பதுகளின் நடுவில், கந்தோரில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைத் தன்னுடைய துவக்குச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கடதாசி வட்டத்தைச் சுடுவதுதான் வேலை. பிறகு நான் உம்மைக் கூட்டிப்போனேன். கவனியும், நான்தான் உம்மை. சொந்தக்காரருக்கு மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தோம். ஒரு மீன்கூட வீட்டுக்கு வராததை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் திறமையைப் பற்றி அவர்களுக்கு அப்படியோர் எண்ணம்.

எங்கள் பழைய இராணுவத் துவக்குகளுக்குப் புதுத் தோட்டா வாங்கிக் கட்டாது. சுட்டதும் வெளியே விழும் பித்தளைக் கோதைப் பொறுக்கி, மினுக்கி, வெடிமருந்தும் ரவைக்குண்டும் மறுபடி அடைத்தால் திரும்பவும் சுடலாம். எல்லாக் கோதும் உதவாது. வாய்ப்பக்கமாக உள்ளே பார்த்தால் அடியில், நடுவே, ஒரு துளை இருக்கவேண்டும். இரண்டு துளை என்றால் குப்பை. ஆகவே போட்டி நாட்களில் மற்றவர்கள் எழுந்து தேநீருக்குப் போக, நாங்கள் இருவரும் சரே மாவட்டத்து மழையில் முழங்காலில் நின்றோம். ஊரில், இராணுவம் சுட்ட கோது வீதியில் கிடந்தால் எதிர்ப்பக்கம் ஓடிய ஆட்கள் நாங்கள். புலம்பெயர்ந்தவன் முன்னேறுவது இப்படித்தானோ?

தன்னுடைய கோது எதுவென்று தெரிய, அவனவன் அதன் அடியில் ஒரு நிறம் வைப்பான். நான் நீலப் பேனையால் ஒரு புள்ளி வைத்தேன். உம்முடையதில் சிவப்பு நகப்பூச்சு. பூசித் தந்தது பவானி. குசினி மேசையில் பேப்பரை விரித்து, கோதுகளைக் கவிழ்த்து நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பொட்டு வைப்பதுபோல் ஒவ்வொன்றாக வைப்பாள். நீர் பக்கத்தில் இருந்து ஊதி ஊதிக் காயவைப்பீர். என் வீட்டில் நிலைமை வேறு. "உந்தத் தகரமெல்லாம் உள்ளுக்கு வந்தா நான் வெளியில போறன்" என்று என் மனைவி சொன்னதால், என்னுடையவை தோட்டத்துக் கொட்டிலில் இருந்தன. இந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெருந்தன்மை என்று நீர் நினைத்திருக்கக்கூடும்.

சங்கத்தில் எல்லோரும் உமக்கே கோது கொண்டுவந்து தந்தார்கள். களத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் கிழவர் தன் தொப்பி நிறைய அள்ளி வருவார். நீர் அப்படி என்ன செய்தீர்? அவருடைய நாயின் சுகம் விசாரித்தீர், அவ்வளவுதான். நானும் ஒருமுறை விசாரித்தேன். அது நாய் செத்துப்போன கிழமை.

இதற்குள் என்னுடைய நீலப்புள்ளிகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"ஐசே, நீலப்புள்ளி ஏதும் கண்டனீரோ?" என்று உம்மைக் கேட்டேன்.

"இல்லை மச்சான்."

"இதிலதானே ஐசே விழுந்தது!"

"காகம் தூக்கியிருக்கும். மினுங்கிற சாமானெண்டா அது விடாது."

"உம்மட சிவப்பை ஏன் தூக்கேல்லை?"

"காகத்துக்கு நிறம் தெரியும்" என்றீர், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

போன வருடம், வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிடத்தில் மாரடைப்பு வந்து நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்குச் சங்கத்து ஆட்கள் கறுப்புக் கோட்டோடு வந்து வரிசையாக நின்றார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் நினைக்கக்கூடாததுதான். ஆனால் வேறு எந்த நேரத்தில் அதை நினைப்பது?

உமது துவக்கைப் பொலிஸ்காரர் வந்து முறைப்படி எடுத்துப்போனார். கோதுக்கு அந்த அந்தஸ்து இல்லை. உமது சிவப்புப் புள்ளி டப்பாக்கள் படிக்குக் கீழேயிருந்த அலமாரியிலேயே இருந்துவிட்டன. இந்த ஒரு வருடமும் எனக்கு அவற்றில்தான் கண். பித்தளைக்காக மட்டும் இல்லை. அவற்றை அடைத்துச் சுட்டால் எனக்கும் யாராவது தொப்பி நிறையக் கொண்டுவருவார்களோ என்று ஒரு நப்பாசை. ஜோன் இப்போதும் கொண்டுவருகிறார்தான். "உன் அண்ணனின் நினைவாக" என்று முறையை மாற்றிச் சொல்லி என் கையில் கொட்டுகிறார். கை என்னுடையது, கோது உம்முடையது.

திவசத்தன்று சனம் கலைந்தபிறகு மெதுவாகக் கேட்டேன்.

"பவானி, உந்தக் கோது டப்பாக்கள் உனக்கு என்னத்துக்கு? நான் கொண்டுபோறன்."

"ஏலாது அண்ணை."

"ஏன், நீ சுடப்போறியே?"

"சுட்டாலும் சுடுவன். அது அவரின்ரை. இருக்கட்டும்."

அவள் வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வடையும் எடுத்துப்போய்ப் பின்தோட்டத்து மதிலில் வைத்தாள். லண்டன் காகத்துக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஒன்று வந்தது. சோற்றைப் பார்த்தது. வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அவர்தான்" என்றாள் பவானி. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.

"இந்தாங்கோ. காகம் தூக்கினது."

திறந்தேன். விளிம்புவரை நீலப்புள்ளிகள்.

"எங்கால இது?"

"வெள்ளைக்காரர் குடுத்ததுதான். அவைக்கு உங்கள் ரெண்டு பேரையும் பிரிச்சுத் தெரியாது. பொட்டு வைச்ச கோதெண்டா இவரிட்டைக் கொண்டந்து குடுத்துவிடுவினம்."

"அதை என்னட்டைத் தந்திருக்கலாமே!"

"நானும் சொன்னனான். 'உன்ரை அண்ணர் சுடுறதெல்லாம் நடுவில போய் நிக்குது. நான் சுட்டா பக்கத்து ஆளின்ரை கடதாசியில படுது. கோதையாவது அந்தாள் தேடட்டும்' எண்டார். நீங்கள் எறிஞ்சிட்டுப் போற கடதாசியை எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவார், அண்ணை. பிறகு ரெண்டு நாளைக்கு மனிசன் வாய் திறந்து கதையாது."

மச்சான், நீர் என்மேல் பொறாமைப்பட்டீரா? இவ்வளவு காலமும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்திருப்பேன்! நான் நன்றாகச் சுடுவதாகச் சங்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் கடதாசியை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோன ஒரே ஆள் நீர், அதுவும் வயிற்றெரிச்சலில். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டை மோர்டனில் ஓர் அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தீர்.

இதிலும் நீரே வென்றீர் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். என்னுடைய பொறாமையால் ஒன்றும் விளையவில்லை. நீர் உம்முடையதை டப்பா நிறையச் சேர்த்துவைத்தீர்.

இன்னுமொரு செய்தி. பேனைப் புள்ளி அழிகிறதாம், என் கோதுகளுக்கு இனிப் பவானியே பூசித் தருவாளாம். "சிவப்போ?" என்று ஆசையாகக் கேட்டேன். "சிவப்பு அவரின்ரை. உங்களுக்கு நீலம்" என்று முடித்துவிட்டாள். மறுநாளே கோலியர்ஸ் வுட் மருந்துக்கடையில் நீல நகப்பூச்சு வாங்கியிருக்கிறாள். மகளுக்கா என்று கடைப்பெட்டை கேட்டதாம். "இல்லை, எங்கட அண்ணைக்கு" என்றிருக்கிறாள்.

கோடைப் போட்டி வருகிறது. உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த திவசத்தில் பவானி மதிலில் சோறு வைக்கும்போது, வடைக்குப் பக்கத்தில் நான் ஒரு நீலப்புள்ளிக் கோது வைப்பேன். நட்ட நடுவில் பட்ட ரவையின் கோது. கடதாசியையும் கொண்டுவந்து விரித்துக் காட்டுவேன். வந்து பாரும், தூக்கிக்கொண்டு போம். பிறகு இரண்டு நாளைக்குக் கதையாமல் இரும்.

இப்படிக்கு,
உமது மனைவிக்கு முதலில் அண்ணனும்
உமக்கு என்றைக்கும் மச்சானுமாகிய
சிவம்