வீட்டு வண்டியின் மூச்சுக் குழாய்

இல்லையம்மா, விற்கவில்லை. அதே வண்டிதான். நீ முதலில் இதைத்தான் கேட்பாய் என்று தெரியும்.

காலையில் பெட்ரோல் போட டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் அம்மா ஞாபகம் வருகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆரணியில் பட்டுப்புடவை விற்கிற பெண்கள் எத்தனையோ பேர். வீட்டையே ஓட்டிக்கொண்டு போய் விற்றவள் நீ மட்டும்தான். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க், பின்னால் புடவைப் பெட்டி. என் வயதைப்போல இரண்டு மடங்கு வயதான அந்த வேனை ஊரே வீட்டு வண்டி என்றது.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு வந்த நேரம் பார்த்து, வண்டியும் வழியில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அப்புறம் இருமி அணைந்துவிடும். சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். மெக்கானிக் பம்பை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். ஒன்றும் ஆகவில்லை.

அப்பா தறியைவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார். “புள்ள படிப்பும் பாதில நின்னுச்சி, வண்டியும் பாதில நிக்குது. எடைக்குப் போட்டுடு.”

“எதப் போடச் சொல்ற? வண்டியையா, புள்ளையையா?” என்றாய்.

“இன்னொரு தபா நின்னா வண்டிய.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவரிடமும் பேசிவிட்டார்.

அந்த வாரமே வந்தவாசி கல்யாண வீட்டுக்குப் போகும்போது நின்றது. அவர்கள் போன் செய்தார்கள். நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, “வந்துகினே இருக்கோம்ங்க” என்றாய். என்னால் சும்மா உட்கார முடியாதே. எரிச்சலில் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ். நீ சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். காற்று வர வழி இல்லை என்றால் பெட்ரோலும் வராது. பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லியிருந்தால் நான் போகாத நாளில் சொல்லியிருப்பார்கள். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தே வந்தவாசி போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் நம் வீட்டு வாசலிலேயே, மெக்கானிக் முன்னால் வண்டிக்கடியில் படுத்தேன். டேங்குக்குக் காற்று போகிற மூச்சுக் குழாயின் வாய், புடவைப் பெட்டிக்கு நேர் கீழே இருந்தது. குறடு போட்டு இழுத்தால் அரக்கு நிறத்தில் ஒரு உருண்டை. பட்டுக் கழிவு நூல். நம் வீட்டில் ஒழுகும் குழாய்க்கும் ஆடும் ஜன்னலுக்கும் அதுதானே வைத்தியம்.

மெக்கானிக் சிரித்தார். “இன்னாபா இது, டேங்குக்கு முகூர்த்தப் பட்டு கட்டிக்கிறீங்க!”

யார் வேலை என்று எனக்குத் தெரியும். “எலி இழுத்தாந்து வெச்சிருக்கும்ணா” என்றேன்.

“எலி இல்ல, நாந்தான்” என்றாய். “பெட்ரோல் நாத்தம் புடவைல ஏறுது. கல்யாணப் பொண்ணு ஒண்ணு மோந்து பார்த்துட்டு வேணாம்னு போய்டுச்சி. அதான் அடைச்சேன்.” அப்புறம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் கத்தினாய். “தோ பாரு! அடைச்சது நானு. கண்டுபுடிச்சது எம் புள்ள!”

தறிச் சத்தம் நின்றது.  அப்பா இரும்புக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புது ஹோஸ் போட்டுக் குழாயைப் பின்சுவர் வழியாக வெளியே மேலே ஏற்றினேன். மழைத்தண்ணீர் இறங்காதபடி வாயைக் கீழ்ப்பக்கம் வளைத்து, பூச்சி போகாமல் வலை கட்டினேன். நீ ஒரு வாரம் தினமும் புடவைகளை முகர்ந்து பார்த்தாய்.

இன்றைக்கு அந்த வலைமேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். ஹோஸும் கட்டையாக விறைத்திருந்தது, மாற்றிவிட்டேன். கலசப்பாக்கத்திலிருந்துகூட இந்த வேலைக்கு என்னைத் தேடி வருகிறார்கள், தெரியுமா? போன மாதம் ஒருத்தர் வண்டியில் ஹோஸைத் தொய்வாக விட்டுவிட்டேன். தொய்வில் பெட்ரோல் தேங்கி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அவர் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தார். வாய்வரைக்கும் ஒரு பொய் வந்தது. ஆனால், “பம்பு இல்லண்ணா, நாந்தான்” என்றேன். குரல்கூட உன்னுடையது மாதிரியே இருந்தது.

அந்த அரக்கு உருண்டை ஸ்டீயரிங்குக்கு முன்னால்தான் இருக்கிறது. நீ போன பிறகு, உன் சீட்டில் அப்பா. மடியில் புடவைக் கட்டு. “ஜல்தி வாடா, வந்தவாசியில காத்துகினு இருக்காங்க” என்று ஹார்ன் அடிக்கிறார். போகணும்மா.